வெள்ளை இரும்பில் ஒரு சந்தனப் பொட்டு

எண்ணெயும் இரும்புத் தூளும் கலந்த அந்த வாசம்...

லா கூர்னெவ் என்ற பிரெஞ்சு ஊரில் நான் முதலில் வேலை பார்த்த பட்டறைக் கதவைத் திறந்ததும் அதுதான் மூக்கில் ஏறும். மாலையில் ரயிலிலும் என்னோடு கூடவே வரும். பக்கத்தில் இருப்பவர்கள் நாசூக்காக இடம் மாறுவார்கள். எனக்கு வசதிதான், கால் நீட்டிக்கொள்ளலாம்.

வேட்டைத் துப்பாக்கி செய்து, திருத்திக் கொடுக்கும் பட்டறை. லைசென்ஸ் உள்ள இடம். முதலாளி ஒரு பெண், எங்களுக்கு 'மதாம்'. மெஷினில் நானும் புதுச்சேரி அந்தோணியும். லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் யாராவது கேட்டால் "இரும்பு வேலை" என்று மட்டும் சொல்வேன். ஊரில் துப்பாக்கி என்றால் ஆமியின் சென்ட்ரிச் சாவடியில் எங்களைப் பார்த்து நீட்டப்பட்டது. அதைச் செய்து சம்பளம் வாங்குகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் அந்தச் சம்பளம் எனக்கு வேண்டும். கலியாணம் முடித்த கையோடு இவரை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தவள் நான். இவரைக் கூப்பிட, விசா பார்க்கும் ப்ரெஃபெக்சர் அலுவலகத்தில் நிரந்தர வேலை காட்ட வேண்டும். நானோ இன்னும் 'எஸ்ஸே'யில், அதாவது பிடித்தால் வைத்துக்கொள்ளும் தவணையில். அது முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, மதாம் ஏதும் சொன்னவவோ?" என்று இவர் போனில் கேட்பார்.

"இன்னும் இல்லையப்பா."

அப்போது என் கையில் இருந்தது ஒரு பழைய ராணுவ ரைஃபிள். ஆப்பிரிக்காவுக்குக் காட்டெருமை வேட்டைக்குப் போகிற ஒருவர் கொடுத்தது. குழலையும் கட்டையையும் கழற்றிவிட்டு, நடுவில் தோட்டா ஏறிப் பூட்டிக்கொள்ளும் உருக்குப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, பெருவிரல் தடிமன் தோட்டா போடும் பெரிய வேட்டைத் துப்பாக்கியாக மாற்ற வேண்டும். ஒல்லித் தோட்டாவுக்குச் செய்த வாயைத் தடித்த தோட்டாவுக்கு அகட்டுவது என் வேலை. கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் இரும்பு பலவீனமாகி, சுடுகிறவர் முகத்தில் வெடிக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அராவினேன்.

அது தேறிவிட்டது. புதுக் குழல் பூட்டி அனுப்ப, அரசாங்கச் சோதனையில் வழமையைவிடக் காரமான தோட்டா போட்டு, தள்ளி நின்று சுட்டுப் பார்த்து, முத்திரை குத்தி அனுப்பினார்கள். பிறகு நான் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். எண்ணெய்கூடப் பூசாத பச்சை இரும்பு... வெள்ளி மாதிரி மின்னியது.

அன்று வெள்ளிக்கிழமை, ஆயுத பூசை. என் தவணை முடிய ஒரு வாரம்தான் பாக்கி.

ரூ பெர்தொனே தமிழ்க் கடையில் வாங்கிய சந்தனமும் குங்குமமும் பையில் இருந்தன. எல்லாரும் போனதும் மெஷினுக்கு ஒரு பொட்டு, அரத்துக்கு ஒரு பொட்டு. கடைசியில்... அதற்கும் ஒன்று. ஆயுத பூசைக்கு அதைவிட ஆயுதம் வேறென்ன? மனிசரை ஒன்றும் செய்யாதே, என் மனுசனைக் கொண்டுவந்து சேர் என்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை அந்தோணி கத்தினான்.

"அக்கா! இன்னாக்கா இது, துரு புடிச்சிருக்கு!"

சந்தனத்தின் ஈரம் வேலையைக் காட்டியிருந்தது. பொட்டு இருந்த இடத்தில் வட்டமாகச் செந்துரு. துணியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

"போச்சுக்கா. துருவுக்கு ஒரு திட்டு. வேலை செய்ற எடத்துல சாமி கும்பிட்டதுக்கு லைசிதே, மதத்த வூட்டோட வெச்சுக்கோன்னு இன்னொரு திட்டு."

"சும்மா இரடா!"

அதற்குள் மதாம் வந்து, அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். வருடத்தில் ஒரு நாள் ஆயுதங்களைக் கும்பிடுவோம், இது யார் கையிலும் வெடிக்கக் கூடாது என்று வைத்தேன் என்றேன். வாய்தான் பேசியது. மனம் முழுக்க இவருடைய விசா.

மதாம் துருவை நகத்தால் சுரண்டினார். பிறகு சிரித்தார்... கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"இதைக் கொடுத்த ஆளுக்குப் பழைய முறையில் கறுப்பு நிறம் வேண்டுமாம். அதற்கு நான் இந்த வாரம் என்ன செய்யப் போகிறேன் தெரியுமா? இதைத் துருப்பிடிக்க வைக்கப் போகிறேன். உன் சாமிக்கு அவசரம்! ஆனால் துரு எல்லா இடமும் சமமாக ஏற வேண்டும். முதலில் இதைத் தேய்த்து எடு."

அதுவரை நான் பார்த்தவை எல்லாம் வெளியே அனுப்பிக் கறுப்பாகி வந்தவை. அந்த வாரம்தான் கண்ணால் கண்டேன். மருந்து பூசித் துருவேற விட்டு, கொதிநீரில் போட்டால் சிவப்பு கறுப்பாகிறது. துடைத்துவிட்டு மறுபடியும் பூச வேண்டும். திரும்பத் திரும்பச் செய்ததில் அந்தக் கிழட்டு இரும்புக்கு அழகான கருநீலம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதாம் என் நிரந்தர வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். "அடுத்த வருடம் எண்ணெய் பூசிவிட்டுப் பொட்டு வை" என்றார்.

வெளியே ஓடிவந்து இவருக்குப் போன் எடுத்தேன்.

"ஓமப்பா... கிடைச்சிட்டுது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஹலோ... இருக்கிறியளோ?"

"இருக்கிறன்... இருக்கிறனப்பா."

அழுகிறார் என்று விளங்கியது. நானும் நடைபாதையில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்க, வாய்விட்டு அழுதேன். நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கிப் போனது.

அதெல்லாம் நடந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இன்றைக்கு ரயில் வேலைநிறுத்தம். இவர் தேத்தண்ணிக் கோப்பையோடு எனக்கு எதிரே இருந்து, "இதென்ன நாடப்பா, நினைச்ச நேரம் கிரேவ்!" என்று ஏசிக்கொண்டிருக்கிறார்.

அப்போதெல்லாம் போன் கார்டு முடிந்தால் இந்தக் குரல் பாதியில் அறுந்துவிடும்.

இப்போது நிறுத்தச் சொன்னாலும் நிற்பதில்லை.