எச்சரிக்கை காட்டாதே!

போன செவ்வாய்க்கிழமை காலையிலேயே வளவனூர் ரைஸ் மில் ஓனர் போனில் கொதித்தார்.

"சார், உங்க மிஷினு நல்ல அரிசியெல்லாம் குப்பையில தள்ளிக்கினு கெடக்குது! மத்தியானத்துக்குள்ள சரியாவலன்னா கழட்டி எடுத்துக்கினு போயிடுங்க!"

திண்டிவனத்தில் நான்கே பேர் உள்ள கம்பெனி என்னுடையது. கேமராவில் பார்த்து, கறுத்த அரிசியைக் காற்றடித்து ஒதுக்கும் மிஷினுக்கு நாங்கள்தான் சாஃப்ட்வேர் எழுதுகிறோம். இவர்தான் முதல் கஸ்டமர்.

முந்தைய நாள் புது வெர்ஷனை அனுப்பியது கலைச்செல்வி. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். எனக்கு வந்ததே கோபம்!

"செக் பண்ணாமலே அனுப்பிட்டியா?"

"பண்ணேண்ணா. டீபக் பில்டுல நல்லாத்தான் ஓடுச்சு."

"நல்லா ஓடுச்சா? நாளையிலேருந்து நீ வரவே வேணாம்!"

விஷயம் இதுதான். ஒரே புரோகிராமை இரண்டு விதமாகத் தயாரிப்போம். தப்பு கண்டுபிடிக்க நிதானமாக ஓடும் டீபக் பில்டு. கஸ்டமருக்கு வேகமாக ஓடும் ரிலீஸ் பில்டு. எழுதியதை மிஷினுக்குப் புரியும்படி மாற்றி, தப்பு தெரிந்தால் எச்சரிப்பது கம்பைலர்; அதனிடம் எது வேண்டும் என்று சொல்வதற்குத்தான் ஃப்ளாக்குகள். அங்கே சாதுவாக இருப்பது இங்கே வந்து பேயாட்டம் போட்டால் மனுஷன் என்னதான் செய்வான்?

விழுப்புரத்தில் பஸ் மாறி, மில்லுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு பில்டுக்கும் பொதுவான ஃப்ளாக் வரிசையில் கடைசியாக ஒன்று — 'எச்சரிக்கை எதையும் காட்டாதே'. எந்த மகானுபாவன் வேலை இது?

யார் மாற்றினாலும் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். பார்த்தேன். என் பெயர்! காரணமும் எழுதியிருந்தேன்: 'தொல்லை தாங்கவில்லை.'

ஃப்ளாக்கை எடுத்ததும் எச்சரிக்கைகள் மளமளவென்று கொட்டின. ஏழாவதில் தப்பு அகப்பட்டது. கறுப்பை அளக்கும் எண் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். அதை எழுதவே இல்லை. டீபக் பில்டில் அதிர்ஷ்டவசமாகப் பூஜ்யம் இருந்தது. ரிலீஸில் ஏதோ குப்பை எண். அந்த வரியும் அதற்கு முந்தைய வாரம் நான் எழுதியதுதான். வெட்கமாக இருந்தது.

திருத்தினேன். மிஷின் ஒழுங்காகக் கறுப்பை மட்டும் தள்ளியது. "சரி, இருக்கட்டும் சார்" என்றார் ஓனர்.

கலைச்செல்விக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த ஃப்ளாக்கு வேணாம்னு அன்னிக்கே சொன்னேண்ணா. 'நீ சும்மா இரு'ன்னுட்டீங்க."

"தப்புதாம்மா. நாளைக்கு வந்துடு."

"வர்றேண்ணா... ஆனா இனிமே நான் சொன்னா காதுல வாங்குவீங்களா?"

கம்பைலரின் வாயை அடைக்கத்தான் ஃப்ளாக் வேண்டும். மனிதர்களுக்கு முதலாளியின் முறைப்பே போதும்!