மணலில் மலை செய்த அக்கா

கடந்த ஆண்டு ஆவணி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன் எழுந்து மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். காபி குடித்தேன். வாழைக்காய் போதாது என்று சமையல்காரர் சொன்னதால் கள்ளக்குறிச்சி மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வந்தேன். வாசலில் பந்தல் போட்டிருந்தது. அன்று எங்கள் அக்காவின் கரும காரியம்.

அக்கா கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் பிறந்தவர். அப்பா கரும்பு வெட்டும் கூலி. மழையில்லாத வருடங்களில் வீட்டில் ஒருவேளைச் சோறுதான். அப்படியிருந்தும் படித்துப் புவியியல் ஆசிரியை ஆனார். என்னையும் படிக்க வைத்தார். வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், பொதுமக்களுக்காக மாதக் கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். மலை, ஆறு, காடு, பயணம் பற்றித் தெரிந்தவர்கள் வந்து பேசுவார்கள். பொன்னாடை கிடையாது, வாழ்த்துரை கிடையாது. கல்யாணத்துக்குப் பின் கூட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னபோது, "அப்ப காபிய குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார். அதை இன்றும் குறையாகச் சொல்லும் உறவினர்கள் அக்காவின் இந்த நினைவு மலரைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

கூட்டம் எங்கள் பெரியப்பா மகனின் கல்யாண மண்டபத்தில் நடந்துவந்தது. அவருக்கு மலையடிவாரத்தில் கல் குவாரியும் உண்டு. அக்கா கடைசியாக நடத்திய கூட்டத்தில் எடுத்துக்கொண்ட பொருள், மலையில் பெய்யும் மழை எந்த வழியாக ஊருக்கு வருகிறது என்பது. ஈர மணலைக் குவித்து மலை செய்தார். ஓடைகளைக் கீறி, ஊர் இருக்கும் இடத்தில் ஒரு தட்டு வைத்தார். உச்சியில் சொம்பால் ஊற்றிய நீர் தட்டுக்கு வந்தது. பிறகு குவாரி இருக்கும் இடத்தில் மணலைத் தோண்டி எடுத்துவிட்டுப் பெரியப்பா மகனைக் கூப்பிட்டார்.

"இப்ப நீ ஊத்து தம்பி."

அவர் சிரித்துக்கொண்டே ஊற்றினார். நீர் பள்ளத்திலேயே நின்றது. தட்டு காய்ந்து கிடந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "இன்னும் ஒரு சொம்பு ஊத்துங்க தலைவரே, உங்க குழிதான் ரொம்பும்!" என்றார். மண்டபமே சிரித்தது. பெரியப்பா மகன் சொம்பை வீசிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து மண்டபத்துக்கு எங்களை விடவில்லை.

"அவன்கிட்ட மன்னிப்பு கேட்டா இன்னா கொறஞ்சி பூடும்?" என்று அக்காவிடம் சொல்ல ஒவ்வொரு உறவினராக வந்தார்கள். குவாரியை நிறுத்து என்று அவரிடம் சொல்ல ஒருவரும் போகவில்லை. வற்றிய ஓடையைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேச வெள்ளிமலையில் சாமை பயிரிடும் அம்மா ஒருவரை அழைத்துவிட்டு, அக்கா இடம் தேடிக்கொண்டிருந்தார். அந்த நிலையில்தான் மாரடைப்பு வந்து காலமானார்.

காரியத்தன்று சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா மகன் எழுந்தார். அக்கா பெயரில் வருடாவருடம் தன் மண்டபத்தில் இயற்கை விழா நடக்கும், பொன்னாடை, பரிசு எல்லாம் தன் செலவு என்றார். உறவினர்கள் தலையாட்டினார்கள். பிறகு, துக்கத்துக்கு வந்திருந்த வெள்ளிமலை அம்மாவிடம் திரும்பினார்.

"ஓடை, குவாரின்னு பேசற கூட்டம்லாம் இனிமே இல்ல. நீங்க வர வேணாம்மா."

"வரேன்னு டீச்சர்கிட்டதான் சொன்னேன். உங்ககிட்ட இல்லீங்க" என்றார் அந்த அம்மா.

நான் எழுந்து நின்றேன். "கூட்டம் உண்டுண்ணா. இந்த மாசக் கடைசி ஞாயிறு."

"எங்கடா? மண்டபம் என்னுது."

"மொட்ட மாடி எங்களுது."

"மழ வந்தா இன்னா பண்ணுவ?"

"நனைஞ்சிக்கினே கேப்போம்."

"உம் பொண்ணு கல்யாணத்துக்கு எவன் மண்டபம் தரான்னு பாக்கறேன். எவன் சபையில வந்து நிக்கறான்னும் பாக்கறேன்!"

என் மகள் பக்கத்தில்தான் நின்றாள். "கூட்டம் உண்டு பெரியப்பா" என்றாள். அவர் செருப்பை மாட்டினார். அவர் பின்னாலேயே பாதிப் பந்தல் காலியானது.

அக்காவைத் தோளில் சுமந்த பக்கத்து வீட்டார், நாற்காலி தந்த டீக்கடைக்காரர், அவரிடம் படித்த பிள்ளைகள், வெள்ளிமலையிலிருந்து பேருந்தில் வந்தவர்கள் ஆகியோருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. மன்னிப்புக் கேட்கச் சொல்லி வந்தவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனமில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகத் துடைப்பமும் பிளீச்சிங் பவுடரும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், யாரும் வழுக்கி விழாதபடி பாசியைத் தேய்த்துக் கழுவினேன்.