டயர் ரிப்போர்ட்டுக்கு வந்த பதில்

டயர் தேய்மானத்தை வண்டி கிளம்புவதற்கு முன்பு, சமதளத்தில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். நடுப்பகுதியோடு இரண்டு ஓரங்களையும் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியைச் சேர்த்து ஐந்து. விலக்கு யாருக்கும் கிடையாது.

என் சித்தப்பா எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த பிறகு, சரிவான இடத்தில், டயர் கொதிக்கும்போது பார்ப்பார். அப்போதும் டயரைப் பார்க்க மாட்டார்.

சேந்தமங்கலத்தில் அவர் அம்பாசிடர் டாக்சி ஓட்டினார். ஞாயிறுதோறும் மலைக்குச் சவாரி. ஒன்பது வயதான என்னையும் முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போவார். திருப்புலி நாட்டில் சவாரியை இறக்கிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்கு எதிரில் வண்டியை நிறுத்துவார். அங்கே வேலை பார்த்த நர்சிடம், கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டிருந்தார். மூன்று வாரமாகப் பதில் இல்லை. இது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அன்று நான் கண்டதெல்லாம், டயர் பக்கத்தில் குந்தி, ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே டயரைத் தட்டும் சித்தப்பாவைத்தான்.

வேலையை அரைகுறையாகச் செய்பவர்களைக் கண்டால் எனக்கு அந்த வயதிலேயே ஆகாது. ஒரு ஞாயிறு நானே இறங்கி, பாவாடை முழுக்கப் புழுதியாக, ஒவ்வொரு டயராகத் தடவிப் பார்த்தேன். முன்டயரின் வெளி ஓரம் மொட்டை. வளைவுகளில் ஒடித்து ஒடித்துத் தேய்ந்து, ஓரிடத்தில் உள்ளே இருக்கிற நூலே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து நர்சம்மா வாசலுக்கு வந்தார்.

"டயர்ல நூலு தெரியுதுங்க. இவரு பாக்கறதே இல்லீங்க, சும்மா தட்டறாருங்க" என்றேன்.

"அது கெடக்குது சாமி, நீ வண்டீல ஏறு" என்றார் சித்தப்பா.

நர்சம்மா குனிந்து அந்த நூலை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஏனுங்க, இத வெச்சுக்கிட்டுத்தான் புள்ளய எழுவது வளைவு ஏத்திக் கூட்டியாறீங்களா?"

"மெதுவாத்தானுங்க வந்தேன்."

"நாளைக்கு என்னையும் இப்படித்தான் கூட்டிட்டுப் போவீங்களாக்கும். மொதல்ல டயர மாத்துங்க. பதில அப்பறம் சொல்றேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாத்திட்டேன்னு இவரு சொன்னா நான் நம்ப மாட்டேன் கண்ணு. நீ பாத்து எழுதிப் போடு."

ஸ்டெப்னியை மாட்டலாமென்றால் அது அதைவிட மொட்டை. நாங்கள் பஸ்ஸில் மலை இறங்கினோம். வண்டி ஒரு வாரம் ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே, அட்மிட் ஆன நோயாளி மாதிரிக் கிடந்தது. அடுத்த ஞாயிறு சித்தப்பா, முன்டயர் இரண்டுக்கும் ஸ்டெப்னிக்குமாக மூன்று புது டயர்களை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு போய் மாட்டி, வண்டியை ஓட்டி வந்தார்.

மறுநாள் காலை, எங்கள் வீட்டு முன்னால், சமதளத்தில், குளிர்ந்த டயர்களைப் பரிசோதித்தேன். தீக்குச்சியைப் பள்ளத்தில் விட்டு அளந்து, ஐந்து டயருக்கும் தனித்தனியே எழுதினேன். ஆறாவதாக, "சித்தப்பா இப்போது வளைவில் ஹாரன் அடிக்கிறார்" என்று சேர்த்தேன். ஆடி பிறந்த மூன்றாம் நாள் தபாலில் போட்டேன்.

பதில் இல்லை. தினமும் தபால்காரரை மடக்கினேன். சித்தப்பா சோறு இறங்காமல் திரிந்தார். "எழுத்துப் புரியற மாதிரி எழுதுனியா கண்ணு?" என்று என்னையே சந்தேகப்பட்டார். அம்மா மட்டும், "அந்தப் பொண்ணு வெவரமானவ" என்று சிரித்தாள். கடிதம் எழுதாமலிருப்பதில் என்ன விவரம் என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசியில் என் பெயருக்கே கார்டு வந்தது. "ரிப்போர்ட் கிடைத்தது. ஐந்தும் திருப்தி. வீட்டுப் பெரியவர்களோடு வரச் சொல்லவும்."

சித்தப்பா என்னைத் தூக்கி அம்பாசிடர் பானெட் மேல் உட்கார வைத்து, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நானே பார்த்து எழுதிய டயரை மறுபடி பார்க்கப் பெரியவர்கள் எதற்கு என்று எனக்குக் கோபம். ஒரு பக்கக் கடிதத்துக்கு ஒரு மாதமா என்றும் கோபம். கார்டின் ஓரத்தில், பதில் வந்த தேதியைச் சிவப்பு மையில் குறித்து வைத்தேன்: ஆவணி இரண்டு.