மூக்கம்மாளின் அறுபது முத்து

லண்டனில் கணக்குப் போடும் துரைமார் எல்லாரும் கப்பலேறி வந்து கூடலூர் மூக்கம்மாளிடம் அரிச்சுவடி படிக்க வேண்டும். அவளோ பாறையில் குந்தி, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, புளியமுத்தை, அதுதான் புளியங்கொட்டையை, புரட்டிக்கொண்டிருக்கிறாள்.

தாயம் ஆடத் தேய்ப்பதுபோல ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகத் தேய்த்த முத்துகள். அவள் மேய்க்கும் தொழுவில் அறுபது மாடு. மாட்டுக்கு ஒரு முத்து. கறுப்பு மேலே இருந்தால் மாடு சுகம். வெள்ளை தெரிந்தால் மாட்டுக்கு மாடு தொற்றும் வெக்கை நோய். செத்த மாட்டின் முத்தும் பிழைத்த மாட்டின் முத்தும் தேங்காய்ச் சிரட்டைக்குள் போய்விடும். பிழைத்த மாட்டுக்கு வெக்கை மறுபடி வராதாம். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எந்த முத்து எந்த மாடு என்று தெரியும். "ஏ கோணக்கொம்பி, தள்ளி உக்காரு" என்று முத்தை அதட்டுவாள்.

போன ஐப்பசியில் மலைச் சுனையோரம் காட்டுமாடு ஒன்று மூக்கும் வாயும் ஒழுகிச் செத்துக் கிடந்தது. மூக்கம்மாளோடு நானும் மேய்த்த மாடுகளும் அங்கேதான் தண்ணீர் குடித்திருந்தன. எட்டாம் நாள் தொழுவில் ஒன்று வெக்கையில் விழுந்தது. மூக்கம்மாள் முத்துகளைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஒன்னு மூணுக்குக் குடுக்கும், மூணு ஒம்பதுக்கு. மார்கழிக்குள்ள தொழு காலி. பத்துப் பத்தாப் பிரிச்சுக் கட்டுனா அஞ்சோட நிக்கும்."

தொழுக்காரர் சின்னச்சாமி சிரித்தார். "பிரிச்சுக் கட்டிச் சிறுத்தைக்கு விருந்து வைக்கவா?"

"சிறுத்தை ஒன்னத்தேன் திங்கும். வெக்கை தொழுவையே திங்கும், மாமா."

பிரித்துக் கட்டினார்கள். விழுந்த மாடு இருந்த பட்டியில்தான் என் செவலைக் கன்றும். அதற்கும் மூக்கு ஒழுகிய அன்று மூக்கம்மாள் அதன் முத்தை வெள்ளையாக்கினாள். அவள் தண்ணீருக்குப் போனதும் நான் கறுப்பாக்கினேன். வந்தாள்; வெள்ளையாக்கினாள். மறுநாள் அந்த முத்தையே ஓடையில் எறிந்துவிட்டு, தேய்க்காத முத்து ஒன்றை வைத்தேன். எப்படிப் புரட்டினாலும் கறுப்பு! ஆறாம் வகுப்போடு என்னை விரட்டிய வாத்தியார் இந்த மூளையைப் பார்க்கவில்லை.

அஞ்சு விழுந்தது. ஆறாவது விழவேயில்லை. இரண்டு போயின, மூன்று எழுந்தன. செவலை எழுந்து என் வேட்டி முனையை மென்றது. நான் பிடுங்கவில்லை.

தொழுவை ஒன்றாகச் சேர்த்த அன்று மூக்கம்மாள் சிரட்டையைக் கவிழ்த்தாள்.

"ஏலே, இங்கன வா. நாலுதேன் கெடக்கு. செவலையோடத எங்கன எறிஞ்ச?"

"காத்துல போயிருக்கும்க்கா."

அவள் பாறையிலிருந்து நான் வைத்த தேய்க்காத முத்தைச் சரியாகப் பொறுக்கி எடுத்தாள். எச்சில் தொட்டு ஒரு பக்கத்தைத் தேய்த்தாள். வெள்ளை தெரிந்ததும் ஊதிவிட்டு, சிரட்டையை என் பக்கம் நீட்டினாள், நானே போடும்படி.