கரும்புத் தோகைக் கூடு

கல்லூரி அருங்காட்சியகத்தின் பறவைக் கூடுகளைப் படம் எடுக்கும் வேலை கிடைத்தபோது, அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்கும் பெருமைதான்.

அங்கே ஒரு விதி உண்டு. ஒரு கூட்டைப் படமெடுத்து, அது கிடைத்த ஊர் எழுதிய சீட்டைத் திரும்பக் கட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். மூன்றாம் நாள் எனக்குக் கை வேகம் வந்துவிட்டது. இரண்டு தூக்கணாங்குருவிக் கூடுகளை ஒன்றாக மேசைக்குக் கொண்டுவந்து, சீட்டுகளை அவிழ்த்து வைத்துவிட்டு, திருப்பித் திருப்பிப் படமெடுத்தேன். முடித்தபோது எந்தச் சீட்டு எதனுடையது என்று தெரியவில்லை.

ஒன்றில் ‘மூங்கில்துறைப்பட்டு, கரும்புக் கொல்லை’ என்றிருந்தது. மற்றதில் ‘கல்வராயன் மலையடிவாரம், தென்னந்தோப்பு’. மாற்றிக் கட்டினால் இரண்டு கூடுகளும் காலத்துக்கும் பொய் சொல்லும்.

பீரோ சாவி வைத்திருக்கும் அக்கா எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா, கூட்டையே மொறைச்சுக்கினு நிக்கிற? முட்டை எதனா வுடுமா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தூக்கணாங்குருவி இலையின் ஓரத்தைக் கடித்து, நீளமாகக் கிழித்து நார் எடுக்கும். அப்படியானால் ஒவ்வொரு நாரிலும் இலையின் ஓரம் மிச்சமிருக்கும். கரும்பு வெட்டப் போயிருந்த அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

“கரும்புத் தோகை கையை எப்படிம்மா அறுக்கும்?”

“கரும்பு வெட்றவ பொண்ணு கேக்கற கேள்வியாடி இது? படிக்கிற கைன்னு உங்கப்பன் உன்னக் கொல்லைப் பக்கமே வுடலியே!” பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். “அடியிலேருந்து நுனிக்குத் தடவுனா வழவழன்னு இருக்கும். திருப்பி இழுத்தா ரம்பம்டி.”

கையுறையைக் கழற்றினேன். அதுவும் விதிக்கு விரோதம்தான். முதல் கூட்டில் துருத்திக்கொண்டிருந்த நாரை இரு பக்கமும் தடவினேன். ஒன்றுமில்லை. இரண்டாவது கூட்டின் நாரில் திருப்பி வரும்போது விரல் சுருக்கென்றது. கேமராவை நெருக்கி வைத்துப் படமெடுத்துப் பார்த்தேன். நாரின் ஒரு விளிம்பில் மட்டும் பொடிப்பொடியாக ரம்பப் பற்கள். அதே கூட்டில் இன்னும் நாலு நார் பார்த்தேன், எல்லாம் அப்படியே. தென்னைக்கு ஏது ரம்பம்?

சீட்டுகளைக் கட்டினேன். நடந்ததைப் பதிவேட்டில் எழுதி, அந்தப் படத்தையும் சேர்த்துப் பேராசிரியரிடம் காட்டினேன். படித்துப் பார்த்தவர், “இனிமே ஒண்ணொண்ணா எடுங்க” என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று உறைத்தது.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். “இன்னாடி ஆச்சு, அறுத்துச்சா?”

“அறுத்துச்சும்மா!”

“அறுத்தத எவ்ளோ சந்தோசமா சொல்றா பாரு” என்றாள் பக்கத்திலிருந்தவளிடம்.