வெள்ளையாக விட்ட முகம்

சிலை ஊரைவிட்டுப் போனது ஒரு சனிக்கிழமை, விடாமல் தூறிக்கொண்டிருந்த காலையில். அவனும் அவன் அம்மாவும் ஒரே ஒரு பையோடு பஸ் ஏறியதைப் பார்த்தவன் ரேடியோ என்று பேர் வாங்கிய வாயாடிப் பையன். மாடிப்படியைத் தாவித் தாவி ஏறி வந்து, மூச்சிரைக்கச் சொன்னான்.

"அக்கா, சிலை போயிட்டான். கூப்பிட்டேன், திரும்பல. அவங்கம்மாதான் பார்த்தாங்க. வாயில விரல வச்சுக் காட்டினாங்க."

மாவுக்கட்டு அக்கா முதலில் பார்த்தது சுவரைத்தான். சிலையின் இரண்டு மாவு முகங்களும் ஆணியில் அப்படியே தொங்கின. வருவதை நிறுத்துகிறவன் தன் முகத்தைத் தானே எடுத்துப் போக வேண்டும். அடுத்தவர் தொடக் கூடாது, திருப்பிப் பார்க்கக் கூடாது என்பது அந்த அறையின் வழக்கம். விட்டுவிட்டுப் போனவன் அதுவரை ஒருவனும் இல்லை.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போடும் வேலை. பட்டப்பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். கட்டுப் போட வரும் பையன்களில் பாதிப் பேர் சுவரைக் குத்தியோ ஒருவனையொருவன் குத்தியோ கையை உடைத்துக்கொண்டு வருகிறவர்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், சைக்கிள் கடைக்கு மேலிருந்த அறையைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமைகளில் அவர்களைக் கூட்டினாள். பெஞ்சில் மல்லாந்து படுக்க வேண்டும். முகத்தில் வாஸ்லின் தடவி, மாவுத்துணியை நனைத்து நனைத்து ஒட்டுவாள். மூக்குத் துளை மட்டும் திறந்திருக்கும். இறுகியதும் முகமூடியாகக் கழன்று வரும். வெளிப்பக்கம் ஊர் எதிர்பார்க்கும் ஆம்பளையை வரைய வேண்டும். உள்பக்கம் அவனவன் விருப்பம்.

"ஆம்பளைக்கு எதுக்குக்கா வாஸ்லினு?" என்பான் ரேடியோ.

"தடவலைன்னா உன் மீசை சுவத்துல தொங்கும். பரவால்லையா?"

"இருக்குறதே நாலு முடி. தடவுங்கக்கா தாயே!"

ஒன்றை மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்வாள். "மூச்சு முட்டினா, பயமா இருந்தா, கையத் தூக்கு. உடனே எடுத்துடுவேன்." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவன்தான் முதலில் தூக்குவான். சிலை மட்டும் தூக்கியதே இல்லை. அந்தப் பேரும் அப்படி வந்ததுதான்.

"இப்படி அசையாம இருக்க எங்கடா பழகின?"

"வீட்லதான்க்கா" என்று சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பு பின்னால் அவளை வெகுநாள் குடைந்தது.

முதல் முகத்தில் பெரிய மீசையும் சிவந்த கண்களும் வரைந்திருந்தான். மழைக்காலம் தொடங்கியதும் இன்னொன்று வேண்டும் என்று வந்து படுத்தான். மூக்குத் தண்டில் அவள் விரல் நின்றுவிட்டது. போன தடவை இல்லாத ஒரு மேடு. அதற்குக் கீழே ஒரு கோணல்.

"என்னடா இது?"

"ஃபுட்பால்க்கா."

எலும்பைத் தொட்டே பிழைக்கிற கை நம்பவில்லை. ஆனால் வாய் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒட்டிய மாவு பாதி இறுகியபோது அவன் மார்பு ஏறி ஏறி இறங்கியது. கை தூக்கவில்லை, பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தது. அவளே பிய்த்து எடுத்தாள். மாவு முகம் கன்னத்தோரம் கிழிந்தது.

"கையத் தூக்க வேண்டியதுதானேடா!"

"தோணலைக்கா."

அந்த முகத்தின் உள்பக்கத்தை மூலையில் உட்கார்ந்து நெடுநேரம் வரைந்தான். வெளிப்பக்கத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டான். அடுத்த சனிக்கிழமை அவன் ஊரிலேயே இல்லை.

அதற்கடுத்த வாரம் அவன் அப்பா வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. குடையை வெளியே சாய்த்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பேச்சில் அத்தனை பணிவு.

"பையன் ஏதோ பொம்மை செஞ்சு வச்சிருக்கானாமே, டீச்சரம்மா." மீசை முகத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, என்னையே உரிச்சு வச்ச மாதிரி இருக்கே!"

பிறகு வெள்ளை முகத்தின் நெற்றியில் விரலை வைத்து மெல்லக் கீழே இறக்கினார். மேட்டில் வந்து விரல் நின்றது. அக்காவின் விரல் நின்ற அதே இடம்.

"இது மட்டும் போதும்மா. மீசைய நீங்களே வச்சுக்கங்க."

"இன்னும் காயலைங்க. எடுத்தா உதிர்ந்துடும்."

"உதிர்ந்தா உதிரட்டுமே" என்று ஆணிப்பக்கம் கையை நீட்டினார்.

அந்த நேரத்தில், முகம் முழுக்க மாவோடு பெஞ்சில் கிடந்த ரேடியோ கையைத் தூக்கினான்.

"பையனுக்கு மூச்சு முட்டுது, வழி விடுங்க!" அவள் அவரை இடித்துக்கொண்டு ஓடினாள். மற்ற பையன்களும் எழுந்தார்கள். சுவரை மறைத்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். அவர் ஒவ்வொருவன் முகமாகப் பார்த்தார். "அப்ப வர்ற சனிக்கிழமை வர்றேன்மா. நீங்க தனியாத்தானே கதவப் பூட்டுவீங்க?" என்று சிரித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

முகத்திலிருந்து மாவு கழன்றதும் ரேடியோ முணுமுணுத்தான். "மூச்சு முட்டலைக்கா. பயமா இருந்துச்சு."

அன்றே அவள் வழக்கத்தை மீறினாள். வெள்ளை முகத்தைத் துணியில் சுற்றி, ஆஸ்பத்திரி மாவுக்கட்டு அறை அலமாரியில் துணிச்சுருள்களுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினாள். உள்பக்கத்தை மட்டும் பார்க்கவில்லை.

அவர் சொன்னபடி வந்தார். வெற்று ஆணியைப் பார்த்தார். சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு மாடியும் ஏறவில்லை. சனிக்கிழமைதோறும் எதிர்ச்சாரியில் குடையோடு நின்றார், வெயிலடித்தாலும். வீடுகளில் என்ன பேச்சு நடந்ததோ, பையன்கள் ஒவ்வொருவராகத் தங்கள் முகத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியாகப் போனவன் ரேடியோ. சைக்கிள் கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே சாவியைத் திருப்பிக் கேட்டார். பிறகு ஒரு நாள் எதிர்ச்சாரியும் காலியாக இருந்தது. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

வருஷங்கள் கழித்து, ஒரு கிழவரின் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தாள். தெரியாத எண்ணிலிருந்து ஒரு மெசேஜ்.

"அக்கா, நான் சிலை. அப்பா எங்க வீட்டைக் கண்டுபிடிச்சுட்டாரு. தெருமுனையில குடையோட நிக்கிறாரு. போலீஸ்ல சொல்லப்போறேன், ஃபுட்பால் இல்லன்னு. அந்த வெள்ளை முகம் இன்னும் இருக்கா? கையத் தூக்கிட்டேன்க்கா."