பக்கத்து வீட்டு ஓட்டு

என் மனைவி பேரூராட்சி வார்டு தேர்தலில் சுயேச்சையாக நின்றபோது, கருத்துக்கணிப்பு வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எங்களுடையது மாதா கோயில் தெரு. அந்தத் தெரு ஓட்டு மொத்தமாக ஒரே பக்கம் விழும் என்று ஊரே நம்பியது. நானும்தான். எதிர்த்து நின்றவர் என் பால்ய சிநேகிதர், தினமும் என்னோடு கேரம் ஆடுபவர். தோற்றால் அவள் தாங்கிக்கொள்வாள். அவருடைய கிண்டலை என்னால் தாங்க முடியாது.

நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் காபி, எல்லா வீட்டிலும் ஒரே பதில்.

"அக்காவுக்குத்தானுங்க. இதைக் கேக்கோணுமா?"

நோட்டைப் பார்த்த மனைவி சிரித்தாள். "ஏனுங்க, ஊட்டுக்காரரே போய்க் கேட்டா வேற என்னத்தச் சொல்லுவாங்க?"

டெக்சாஸில் இருக்கும் மகளிடம் போனில் முறையிட்டேன்.

"இங்கயும் இதே கதைதாம்ப்பா. ஸ்பானிஷ் பேசறவங்க ஓட்டெல்லாம் ஒரே பக்கம்னு நெனச்சாங்க. ஆனா ஒரே ஊட்டுக்குள்ளயே ஆளுக்கொரு பக்கம் போடறாங்க. நீங்க பக்கத்து ஊட்டுல யாருக்குப் போடுவாங்கன்னு கேளுங்க."

மறுநாள் அப்படியே கேட்டேன். அடேயப்பா, உண்மை கொட்டோ கொட்டென்று கொட்டியது!

"மேல ஊட்டுல மாமியா அக்காவுக்குங்க, மருமக அவருக்குங்க. அவிய சந்துக்கு லைட்டு போட்டுக் குடுத்தவராச்சே."

எங்கள் தெரு ஒரே கட்சி இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரே குஷி. இத்தனை வருடம் கூடவே இருந்தும் இவர்களை நான் கவனித்ததே இல்லை.

கடைசியாக எங்களுக்கு அடுத்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன். அவர் தயங்கினார்.

"பக்கத்து ஊடு உங்க ஊடுதானுங்களே. அக்கா ஓட்டு அக்காவுக்கு. உங்க ஓட்டுத்தான் சந்தேகமுங்க. தெனமும் அவரோட கேரம் ஆடறீங்களே!"

கோபம் சுர்ரென்று வந்தது. ஆனாலும் கணிப்பு கணிப்புதான். 'சந்தேகம்' என்று எழுதிக்கொண்டேன். மனைவி அதைப் படித்துவிட்டு நோட்டைத் திருப்பித் தந்தாள்.

பதினோரு ஓட்டில் ஜெயித்தாள். தெருவே மேளம் அடித்து ஆடியது. முதல் சால்வையைப் போட்டவர் என் சிநேகிதர்தான். கூட்டம் கலைந்ததும் மனைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"இப்பவாச்சும் சொல்லுங்க. யாருக்குப் போட்டீங்க?"

"உனக்குத்தான்." சத்தியமாக அவளுக்குத்தான் போட்டிருந்தேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எல்லாரும் அப்படித்தானுங்க சொன்னாங்க!"